பத்து கிராம் இழை

அந்தக் கருவியைப் பார்த்தால் கருவி என்றே தோன்றாது. பேனா அளவில் ஒரு பிளாஸ்டிக் பிடி, அதன் நுனியில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு நைலான் இழை, அவ்வளவுதான். ஆனால் அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இழையைப் பாதத்தில் வைத்து அழுத்தினால், பத்து கிராம் அழுத்தம் வந்ததும் அது வில் போல வளைந்துவிடும். வளைந்த பிறகு எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் அழுத்தம் கூடாது. காஞ்சிபுரத்தில் நர்ஸ் துர்கா அழுத்தினாலும், கன்னியாகுமரியில் வேறு யாரோ அழுத்தினாலும் அதே பத்து கிராம்தான். அதை உணராத பாதத்துக்கு ஆணி குத்தினாலும் தெரியாமல் போகலாம்.

சர்க்கரை உள்ள எல்லோருக்கும் வருடத்துக்கு ஒருமுறை இந்தச் சோதனை என்று அரசு உத்தரவு போட்டது. உத்தரவு சென்னையிலிருந்து ஒரே நாளில் வந்துவிட்டது. சோதனை பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவுக்கு வந்துசேர ஐந்து மாதம் ஆனது.

நான் இங்கே வீடு வீடாகப் போய் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்கும் தன்னார்வலர். சோதனை சுகாதார நிலையத்தில், காலை ஒன்பது முதல் நான்கு வரை. அந்த நேரத்தில் தறியை விட்டு யார் எழுந்து போவார்கள்? என் பட்டியலில் இருந்த நாற்பத்தொரு பேரில் மூன்று பேர்தான் போனார்கள்.

"அமாவாசைக்குத் தறி ஓடாது சிஸ்டர். அன்னிக்கு நீங்க எங்க தெருவுக்கு வாங்க" என்று துர்காவிடம் கேட்டேன்.

அவள் தென்னேரிக்காரி, விவசாயக் குடும்பம், தறி வழக்கம் தெரியாது. "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாக்கா?" என்றாள். அந்த அமாவாசையன்றே வந்துவிட்டாள்.

நாற்பத்தொரு பேரில் எனக்கு நமச்சிவாயம் அண்ணனைப் பற்றித்தான் பயம். ஒன்பது வருடச் சர்க்கரை. அவர் மனைவி அம்சவேணி அண்ணி போன வாரம் சொன்ன விஷயம் என் மனதை விட்டுப் போகவில்லை. "செருப்பு ஒண்ணு கழண்டு தெருவுலயே கெடக்குது சங்கரி. இவரு பாட்டுக்கு ஒத்தச் செருப்போட நடந்து வந்துக்கினு இருக்காரு." அண்ணி சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதிர்வீட்டுக் காசிநாதனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முட்டிக்குக் கீழே காலை எடுத்தார்கள். ஒற்றைக் காலால் குழித்தறியில் மிதிக்க முடியாதென்று தறிக்குழியையும் மண் போட்டு மூடினார்கள்.

நெசவாளர் சங்கக் கட்டடத்தில் வரிசை வாசல்வரை நின்றது. நமச்சிவாயம் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினார். எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காகத் துர்கா முதலில் அவர் கையில் இழையை வைத்தாள்.

"நைலான். பட்டு இல்ல" என்றார் அவர். வரிசையே சிரித்தது.

"கண்ண மூடிக்குங்கப்பா. தொட்டது தெரிஞ்சா சொல்லுங்க."

"தெரியுது... தெரியுது... தெரியுது..."

ஒரு பாதத்தில் பத்து இடம். இடதில் பத்துக்குப் பத்து, வலதிலும் பத்துக்குப் பத்து. துர்கா அட்டையில் ஒட்டப் பச்சை ஸ்டிக்கரை எடுத்தாள். அதை ஒட்டிவிட்டால் இனி அடுத்த வருடம்தான்.

"அப்போ செருப்பு?" என்றார் அண்ணி.

"செருப்பு பழசுடி. காலு புதுசு."

அப்போதுதான் என் கால் தரையில் தட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். மிதி, நாடா, பலகை. மிதி, நாடா, பலகை. கல்யாணத்துக்கு முன்பு எட்டு வருடம் அப்பாவோடு தறியில் உட்கார்ந்தவள் நான். காலால் மிதித்தால் பாவு நூல் பிரிந்து திறக்கும், அதற்குள் ஊடை நூலோடு நாடா ஓடும், பலகை அடித்து நெருக்கும். ஒன்று முடிந்ததும் அடுத்தது எப்போது என்று உடம்புக்கே தெரியும். துர்காவும் நீண்ட வரிசையின் அவசரத்தில் தறி மாதிரியே சீராகத் தொட்டுக்கொண்டு போயிருந்தாள். அண்ணன் பொய் சொல்லவில்லை. நாற்பது வருடம் தறியில் பழகிய உடம்பு தாளத்துக்குப் பதில் சொல்லியிருந்தது.

"சிஸ்டர், இன்னொரு வாட்டி பாருங்க. விட்டு விட்டுத் தொடுங்க. நடுவுல தொடாமயும் இருங்க."

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாம்மா, என்ன ஃபெயிலாக்காம வுட மாட்டியா நீ?"

"இதுலயும் பாஸானா நான் உங்க வூட்டுப் பக்கமே வரல. ஒரே ஒரு வாட்டிண்ணா."

முறைத்தபடி கண்ணை மூடினார். துர்கா இழையைப் பாதத்தில் ஒருமுறை வைத்து எடுத்தாள். பிறகு கையை அந்தரத்திலேயே நிறுத்திக்கொண்டாள்.

"தெரியுது" என்றார் அண்ணன். "தெரியுது."

வரிசையில் சத்தம் நின்றதில் அவர் கண்ணைத் திறந்தார். இழை அவர் காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

தாளம் இல்லாமல் தொட்டபோது வலது பாதத்தில் நான்கு இடம்தான் தெரிந்தது.

"மிதிக்கட்ட மிதிச்ச காலும்மா. தோலு தடிச்சிருக்கும்" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"தடிச்ச எடத்துல நான் தொடலப்பா. பக்கத்துலதான் தொட்டேன்." துர்கா விளக்கைக் கிட்டே கொண்டுபோனாள். கட்டைவிரலுக்குக் கீழே, மிதிக்கட்டை படும் இடத்தில், காய்ப்புக்கு அடியில் கருஞ்சிவப்பாக ஒரு புண். வலி தெரிந்திருந்தால் கால் தானாக இடம் மாற்றி மிதித்திருக்கும். தெரியாததால் ஒரே இடத்தில் அழுத்தி அழுத்தித் தோலுக்கு அடியில் சதை நைந்துபோயிருந்தது.

சுகாதார நிலையத்தில் டாக்டர் சுத்தம் செய்து கட்டுப் போட்டார். "நல்ல நேரத்துல புடிச்சிட்டீங்க. ஆறு வாரம் இந்தக் கால் எதையும் மிதிக்கக் கூடாது."

தறியில் பாதிப் புடவை நின்றது. மறுநாள் அம்சவேணி அண்ணி தறிக்குழிக்குள் இறங்கினார். இத்தனை வருடம் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து புடவைக் கரைக்கு நாடா தள்ளிக்கொடுத்தவர். இப்போது அந்தப் பக்கத்து இடத்தில் அண்ணன், கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு.

"பலகைய மெதுவா அடி."

"நீங்க நாடாவத் தள்ளுங்க மேஸ்திரி. நான் பாத்துக்கறேன்."

துர்கா நடந்ததை ஒரு பக்கம் எழுதி மேலே அனுப்பினாள். தொடும் இடைவெளியை மாற்ற வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்களாம். நர்ஸுகளின் கைக்கு வந்த ஒரு பக்க வழிமுறைத் தாளில் அந்த வரி விட்டுப்போயிருந்தது. நான்காம் மாதம் சென்னையிலிருந்து புதுத் தாள் வந்தது. மூன்றாவது வரி: 'சீரான இடைவெளியில் தொடக் கூடாது. இடையிடையே தொடாமலும் கேட்க வேண்டும்.' துர்கா அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள். கீழே, "நம்ம தெரு வரிக்கா" என்று எழுதியிருந்தாள். மாநிலம் முழுக்க எத்தனை நர்ஸுகள் இதைப் படிப்பார்கள் என்று நினைத்தபடி அன்று மாத்திரைப் பையைத் தூக்கினேன். பை கனக்கவே இல்லை.

அடுத்த வருடம் அதே அமாவாசை, அதே கட்டடம். மரத்த நரம்பு திரும்பி வராது, அதனால் அண்ணனுக்கு வலது பாதத்தில் இப்போதும் நான்குதான். ஆனால் மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு காலில் இருந்தது. அதே ரப்பரை வெட்டி மிதிக்கட்டையிலும் சுற்றியிருந்தார். அது டாக்டர் சொன்னதல்ல, அவரே கண்டுபிடித்தது. தினமும் கண்ணாடி வைத்துப் பாதத்தைப் பார்ப்பது அண்ணியின் வேலை.

"தெரியல" என்றார் நமச்சிவாயம் அண்ணன், கண்ணை மூடியபடி, கட்டடமே கேட்கும்படி. "தெரியல. இது தெரியுது. இப்போ நீ தொடவே இல்ல, என்ன ஏமாத்தாத."

துர்கா சிரித்துவிட்டாள். சோதனை முடிந்ததும் அவர் எழுந்திருக்கவில்லை. உள்ளங்காலை வரிசைப் பக்கம் திருப்பி உயர்த்திக் காட்டினார்.

"பாத்துக்குங்கப்பா. ஒரு கீறல் இல்ல. அடுத்தது யாரு, வா."