ஆசிட்டை முறிக்கிற சோடா

மாசாணத்துக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். அதுவே வினையாகப் போயிற்று.

திருப்பூர் சலவைப் பட்டறையில் அவனுக்கு ஆசிட் தொட்டியருகே வேலை. துணியை ஆசிட்டில் முக்கி எடுத்தால் அடுத்து சோடா கரைத்த தண்ணீரில் அலசியாக வேண்டும். ஆசிட்டை முறிக்காத துணி நைந்து போகும். கை வெந்து தோலுரிந்து அவன் கற்ற பாடம் அது. மனைவி பழனியாத்தாளுக்கு ரத்தக் கொதிப்பு என்று டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பார்த்தவன், ஆசிட் கேனில் தினம் பார்க்கும் ‘ஹைட்ரோகுளோர்’ என்ற எழுத்துகளை அதிலும் கண்டான். மாத்திரையிலும் அதே ஆசிட்டா என்று பயந்துபோனான். மருந்துக்கடையில் கேட்டிருக்கலாம். கேட்டால் சிரிப்பார்களே என்று வெட்கம். இந்தப் பாழாய்ப்போன வெட்கம் எத்தனை குடும்பத்தைக் கெடுத்திருக்கிறது!

மாத்திரையை நிறுத்தவும் பயம், கொடுக்கவும் பயம். கடைசியில் பட்டறைப் புத்திதான் வேலை செய்தது. காலையிலும் இரவிலும் அவள் மாத்திரை விழுங்கும் தண்ணீரில் ஒரு கரண்டி ஆப்ப சோடாவைக் கலக்கிக் கொடுத்தான். இனி அவள் வயிறு வேகாது என்று நிம்மதியாகத் தூங்கவும் செய்தான்.

மாதம் முடிவதற்குள் அவளுக்குக் கால் வீங்கியது. அப்புறம் முகம். மூச்சு வாங்கிப் படுக்கவே முடியாமல் போனதும், கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

அந்த மாத்திரையை எழுதிக்கொடுத்த டாக்டர் இஸ்மத்தே அவள் காலை அழுத்திப் பார்த்தார். விரல் பட்ட இடம் குழியாகவே நின்றது.

"உப்பைக் குறைக்கச் சொன்னேனே, குறைச்சீங்களா?"

"உப்பே போடறதில்லீங்க," என்றாள் பழனியாத்தாள், மூச்சுக்கு நடுவே.

"அப்படின்னா மாத்திரை பத்தலை. டோஸைக் கூட்டணும்."

மாசாணம் பழனியாத்தாளின் முகத்தைப் பார்த்தான். சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் இவளே போய்விடுவாள்.

"ஏனுங்க டாக்டரம்மா, நான் ஒரு காரியம் செஞ்சுபோட்டனுங்க," என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "மருந்து நல்லாக் கரையறதுக்காக அந்த ஆசிட்டோட சேர்த்து உப்பா ஆக்கியிருக்காங்க. நீங்க தொட்டியில முறிக்கிறீங்களே, அந்த மாதிரி கம்பெனியிலயே முறிச்சாச்சு. அதுல ஆசிட் எங்க இருக்கு? நீங்க குடுத்த சோடாதான் சாப்பாட்டு உப்பு மாதிரி உடம்புல தண்ணியைக் கோத்திருக்கு. இன்னிக்கு ராத்திரி தாண்டட்டும், அப்புறம் பார்க்கலாம்."

டாக்டர் நகர்ந்ததும் மாசாணம் கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டான். "உனக்குத் தெரியாமக் குடுத்துப்போட்டேன், அம்மணி."

"கரிச்சுதுங்களே, தெரியாமயா இருக்கும்?" என்றாள் அவள். "நீங்க குடுத்தீங்க, குடிச்சேன்."

அழுகையை அடக்க அவனால் முடியவில்லை.

ஊசி போட்டு முடித்த நர்ஸ் மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினாள். பழனியாத்தாள் வாங்கவில்லை. "அவருகிட்டக் குடுங்க," என்று மாசாணத்தைக் காட்டினாள்.

அவனுக்குக் கை எழவில்லை.