இரட்டைக் கோடு

தலைவருக்குப் பேச்சு எழுதிக் கொடுப்பவனை அலுவலகத்தில் எல்லாரும் கமா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளத் தாளோடு சரி. மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் சிவப்பு மையால் ஒற்றைக் கோடு போடுவான். கைதட்டலுக்காக நிற்க வேண்டிய இடத்தில் இரட்டைக் கோடு. மூன்று வாக்கியத்துக்கு ஓர் இரட்டைக் கோடு, கணக்குத் தப்பாது.

அந்தக் கோடு அவனாகக் கண்டுபிடித்ததில்லை. சின்ன வயதில் அவனுக்குத் திக்குவாய். அக்காதான் பாடப் புத்தகத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு கிழித்து, "கோடு வந்தா நில்லுடா, அப்புறம் பேசு" என்று சொல்லிச் சொல்லி அவன் நாக்கைப் பழக்கினாள். அவள் போட்ட கோட்டில்தான் இன்றைக்கு அவன் பிழைப்பு ஓடுகிறது.

தலைவரோ கோட்டைப் பார்ப்பாரே ஒழிய எழுத்தைப் பார்த்ததில்லை. ஒத்திகையில் உதட்டை மூடிக்கொண்டு ராகமாக முனகியபடியே தாளைப் புரட்டுவார். இரட்டைக் கோடு வந்ததும் கை உயரும். டீ கொண்டுவரும் பெரியவர் ஒருநாள் அந்த வெறும் முனகலுக்கே தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். கண்ணில் தண்ணீர் வேறு. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கமாவும் சிரித்தான். அன்றைக்கே அவன் பயந்திருக்க வேண்டும்.

மைதானத்தில் தலைவரின் கூட்டம் நடந்த நாள் மதியம் அணைக்கட்டு என்ஜினியர் சேற்றுக் காலோடு அவன் அறைக்குள் வந்தார்.

"சுவர்ல விரிசல் ஓடிடுச்சு. ஆறு மணி வரைக்கும் தாங்கினா பெரிய விஷயம். கீழ்த்தெரு ஜனங்க மேட்டுக்குப் போகணும்."

"அபாயச் சங்கு ஊதிடலாமே, சார்?"

"சங்கு போன வருஷமே ரிப்பேரு. நாலு மணிக்கு ஊரே மைதானத்துலதான இருக்கும்? தலைவர் வாயால ஒரு வார்த்தை வந்தா போதும், பறந்துடுவாங்க."

கீழ்த்தெருவின் கடைசி வீடு கமாவின் அக்காவுடையது. போன் போட்டான், எடுக்கவில்லை. இதற்குள் மைதானத்தில் முன்வரிசையில் இடம் பிடித்திருப்பாள். தம்பி எழுதிய பேச்சு ஒன்றைக்கூட விட்டவளில்லை அவள். சரி, அங்கேயே கேட்டுக்கொள்வாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு எழுதினான். அணை உடையப் போகிறது. யாரும் வீட்டுக்குத் திரும்பாதீர்கள். எல்லாரும் மேட்டுக்குப் போங்கள். மூன்று வாக்கியம் முடிந்ததும் கை தானாகவே இரட்டைக் கோடு இழுத்துவிட்டது. பழக்க தோஷம், வேறென்ன சொல்ல?

தலைவர் அந்த மூன்றையும் ஒரு சொல் பிசகாமல்தான் சொன்னார், அதில் குறை சொல்ல முடியாது. "அணை உடையப் போகிறது" என்று அடிக்குரலில் தொடங்கி, இரண்டாவதில் ஏறி, மூன்றாவதில் வானத்தைத் தொட்டு, கையை உயர்த்தி நின்றார். மைதானம் அதிரக் கைதட்டினார்கள். பிறகு எழுந்து, புழுதியைத் தட்டிக்கொண்டு, சாவகாசமாகக் கீழ்த்தெருவை நோக்கி நடந்தார்கள்.

கமா ஒரு தையல்காரரின் கையைப் பிடித்து நிறுத்தினான். "அண்ணே, தலைவர் என்ன சொன்னாரு?"

"அடடா, என்ன பேச்சு! மயிரெல்லாம் நட்டுக்கிச்சு."

"அது சரி, என்ன சொன்னாரு?"

தையல்காரர் யோசித்தார். உதடு அசைந்தது, வார்த்தை வரவில்லை. கை மட்டும் மெதுவாக உயர்ந்தது. கமா அவர் கையை விட்டுவிட்டுத் தலைவரின் காருக்கு ஓடினான்.

"ஐயா, இன்னொரு தரம் சொல்லுங்க. ராகம் வேணாம், சும்மா சொல்லுங்க."

கண்ணாடி இறங்கியது. தலைவர் குழந்தை போல விழித்தார். "எதைச் சொல்லணும்? நான் என்ன சொன்னேன்?"

கார் போய்விட்டது. கமாவே மேடையேறி மைக்கைப் பிடித்தான். சொன்னான். அவன் வாயிலிருந்தும் அதே ஏற்றம், அதே நிறுத்தம், மூன்றாவதில் அதே வானம். மிச்சமிருந்தவர்கள் நின்று, கைதட்டிவிட்டுப் போனார்கள். இருபது வருஷமாகக் கோடு போட்டவனுக்குக் கோடில்லாமல் பேச வருமா?

அவன் கீழ்த்தெருவுக்குள் ஓடும்போது மணி ஐந்தரை. அக்கா கொடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வாடா. இன்னிக்கு உன் பேச்சு அமோகம். அழுதுட்டேன் போ."

"அக்கா, அணை உடையப் போகுது. வீட்டுல இருக்காதே. மேட்டுக்கு வா."

அக்கா துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, முகமெல்லாம் மலர, அவனைப் பார்த்துக் கைதட்டினாள்.

இவளுமா என்று பதறி அவள் அருகே ஓடினான். மறுபடி வாயைத் திறந்தான். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு புரள மறுத்தது.

"த... த... தண்... ணி... அ... அ... அக்கா..."

அக்காவின் கை அப்படியே நின்றது. துணி கீழே விழுந்தது. "என்னடா ஆச்சு? ஏன்டா திக்குற? எந்தத் தண்ணி?"

"அ... அணை."

அவ்வளவுதான். வீட்டைப் பூட்டக்கூட நிற்காமல் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். போகிற வழியெல்லாம் கமா ஒவ்வொரு வாசலிலும் நின்று திக்கினான், கெஞ்சினான். அக்காவும் தொண்டை கிழியக் கத்தினாள். ஆனால் அந்தத் தெருவில் யார் அவன் திக்கிக் கேட்டிருக்கிறார்கள்? "கமாவுக்கு நடிப்பும் வருது பாரு" என்று சிரித்தார்கள். அக்கா கத்தியதோ மூன்று மூன்று வாக்கியமாகத்தான் வந்தது. அதற்கும் தட்டினார்கள்.

இருவரும் மேட்டுச் சாலையில் ஏறி மூச்சு வாங்கியபோது, வடக்கே தூரத்தில் சத்தம் கிளம்பியது. முதலில் சளசளவென்று, பிறகு நெருங்க நெருங்க ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் தட்டுவது போல.

கீழே வாசல்களில் நின்றவர்கள் அந்தச் சத்தம் வந்த பக்கம் திரும்பினார்கள். ஒருவர் முகத்திலும் பயமில்லை. முதலில் தையல்காரர் கையை உயர்த்தினார். பிறகு வீடு வீடாக, தெரு முழுக்க, அதோடு சேர்ந்து தட்ட ஆரம்பித்தார்கள்.