அளவுக்குவளை

காலை எட்டரை மணிக்கு, குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு, மழை அளக்கும் நிலையத்து அப்சர்வரம்மா மழைமானியில் சேர்ந்திருந்த தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி ஊற்றி அளந்தாள். எண்பத்தாறு மில்லிமீட்டர். ராத்திரி முழுக்க வானம் பொத்துக்கொண்டு ஊற்றியதற்கு இவ்வளவுதானா என்று அவளுக்கே இருந்தது. ஆனால் பத்தொன்பது வருஷமாக அளக்கிற கையாயிற்றே, அதைச் சந்தேகப்படுவாளா? அணை என்ஜினியருக்குப் போன் போட்டுச் சொன்னாள். நூற்றைம்பதைத் தாண்டினால்தான் ஆற்றங்கரை வீடுகளைக் காலி செய்யச் சொல்வார்கள். அவர் "அப்பாடா" என்று போனை வைத்தார்.

வைத்த கையோடு தங்கை கூப்பிட்டாள். அவள் வீடு ஆற்றங்கரையில்தான்.

"அக்கா, கிளம்பவா, இருக்கவா? ஒரு வார்த்தை சொல்லு."

"எண்பத்தாறுதான்டி. பேசாம இரு. உனக்கு எப்பப் பார்த்தாலும் பயம்தான்."

முற்றத்தில் இன்னொரு கருவியும் உண்டு. மழை விழ விழத் தானே தாளில் கோடு போடும் மெஷின். அது நூற்று எழுபத்திரண்டு என்று காட்டியது. மூன்று வாரமாகவே அதற்குக் கிறுக்குப் பிடித்திருந்தது, எதையும் இரட்டிப்பாகத்தான் காட்டும். இரண்டு முறை புகார் எழுதியும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. இன்றைக்குத்தான், அடாத மழையில், மெக்கானிக் தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தார். அவள் சூடாக டீ கொடுத்து, மெஷினை வாய்க்கு வந்தபடி திட்டியும் வைத்தாள்.

மெக்கானிக் கழற்றினார், துடைத்தார், தான் கொண்டுவந்த பாட்டிலில் அளந்த தண்ணீரை ஊற்றிப் பார்த்தார். மூன்று தரம் ஊற்றினார். பேனா மூன்று தரமும் சரியான இடத்தில் போய் நின்றது.

"மெஷின்ல ஒரு குறையும் இல்லக்கா. உங்க குவளையைக் கொஞ்சம் குடுங்க."

வாங்கித் திருப்பிப் பார்த்தார். அடியில் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது.

"இது பெரிய வாய் மானிக்கு உள்ள குவளைக்கா. நம்ம மானிக்கு வாய் சின்னது. இதுல அளந்தா பாதிதான் காட்டும்."

அவள் சிரித்தாள். சிரித்தாள் என்றால் நம்புவீர்களா? நல்ல வேடிக்கையைக் கேட்டவள் மாதிரி சிரித்துவிட்டு, சிரிப்பு பாதியில் நிற்க, அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று வாரத்துக்கு முன்னால் கழுவும்போது பழைய குவளை கைதவறி உடைந்தது. உடைத்ததற்கு விளக்கக் கடிதம் எழுத வேண்டுமே என்று வெட்கப்பட்டு, ஸ்டோர் அலமாரியின் பின்வரிசையிலிருந்து ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டாள். அதே உயரம், அதே கோடுகள், சுற்றளவு மட்டும் கொஞ்சம் பெரிசு. அடியைத் திருப்பிப் பார்க்க யாருக்குத் தோன்றும்? பாவி, உனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா! என்ஜினியரின் போன் நம்பர்கூட அவளுக்கு மறந்துபோக, சுவரில் எழுதியிருந்ததைப் பார்த்து மெக்கானிக்தான் அணைக்குப் போன் போட்டுக் கொடுத்தார்.

"நூத்தி எழுபத்திரண்டு சார்."

"எண்பத்தாறுன்னீங்களேம்மா!"

"தப்பு சார். நான்தான் தப்பா அளந்துட்டேன்."

அவர் அந்தப் பக்கம் யாரிடமோ சைரனைப் போடச் சொல்லிக் கத்தினார். வேலை போகும், விசாரணை வரும் என்பதெல்லாம் அவள் நினைப்பில் இல்லவே இல்லை. தங்கைக்கு அடித்தாள். எட்டு முறை மணி அடித்த பிறகுதான் அவள் எடுத்தாள்.

"சொல்லுக்கா. வாசப்படி வரைக்கும் தண்ணி வந்துருச்சு. நீ சொன்னதால பயப்படல."

"கிளம்புடி! உடனே கிளம்பு!"

"என்னக்கா இது? பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் மூட்டை கட்டுனாங்க. எங்கக்காவே சொல்லிட்டா, ஒண்ணும் ஆகாதுன்னு நான்தான் நிறுத்தி வெச்சேன். பதினோரு பேர் இங்கதான் இருக்காங்க. குழந்தைங்க இப்பத்தான் சாப்பிட உட்கார்ந்துச்சு."

"நான் சொன்னது தப்புடி. எல்லாரையும் தூக்கிட்டு மேட்டுக்கு ஓடு!"

தங்கை போனை எங்கோ வைத்துவிட்டு ஓடினாள். அணைக்க மறந்துவிட்டாள். தட்டுகள் விழுந்தன. ஒரு குழந்தை வீறிட்டது. யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், திரும்பவும் கூப்பிட்டார்கள். கதவு அடித்துக்கொண்டது. அப்புறம் மனிதக் குரல் எதுவும் கேட்கவில்லை, தண்ணீர் புகுந்து ஓடும் சத்தம் மட்டும். அப்சர்வரம்மா போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். மெக்கானிக் ஏதோ கேட்டார், அவள் கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். தங்கை வீட்டுக்குள் ஒரு நாற்காலி மிதந்து வந்து சுவரில் மெதுவாக இடிப்பது போனில் கேட்டது. சற்று விட்டு, இன்னொரு முறை இடித்தது.