சாக்பீஸ் சமையலறை

மொட்டை மாடித் தரையில் அவளுடைய சமையலறை படுத்துக் கிடந்தது. ஏழடி நீளம், ஐந்தடி அகலம். அடுப்புக்கு ஒரு கட்டம், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு ஒரு கட்டம், ஃப்ரிட்ஜுக்கு ஒன்று. கீழே வீட்டில் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே நிற்கிற சுவருக்கு மட்டும் கோடு இல்லை. நாளைக் காலை ஒன்பது மணிக்குக் கொத்தனார் வந்து அதை இடிக்கப் போகிறார்.

அந்தச் சுவர் அவளுக்கு வேண்டும். இதை அவள் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

கோடு போட்டவர் தச்சர். குடியிருப்பில் எல்லோரும் அவருக்கு வைத்த பெயர் சாக்பீஸ். பலகையில் ரம்பத்தை வைப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் நிஜ அளவில் தரையில் வரைந்துவிடுவார். அதோடு விடவும் மாட்டார். வீட்டு ஆட்களை அதற்குள் இறக்கி, ஒரு காலை நேரத்தை நடித்துக் காட்டச் சொல்வார். "காகிதத்துல எல்லாருக்கும் இடம் பத்தும் சார். இடுப்பு இடிக்கிறது தரையிலதான் தெரியும்" என்பார். நடித்து முடித்து அவர் தலையாட்டினால்தான் கொத்தனார் சுவரில் கை வைக்கலாம்.

திட்டம் முழுக்க அவள் கணவனுடையது. மூன்று மாதமாகக் கட்டம் போட்ட நோட்டும் கையுமாக அலைந்தான். மூலையில் வீணாகும் இடத்துக்குச் சுழலும் தட்டு, தொட்டிக்கு அடியில் குப்பைக்கூடை, சுவரோடு மடங்கும் மேசை. "இந்தச் சுவரும் கதவும் சேந்து எவ்வளவு இடத்த முழுங்குது பாரு. இதத் தூக்கிட்டா நீ உள்ள தனியா வேக வேண்டாம். எங்ககூடவே இருக்கலாம்" என்றான். அவன் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்துவிட்டு, "சரிங்க" என்றாள். அந்தச் 'சரி' அன்றிலிருந்து தொண்டையில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

தினமும் காலையில் அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவாள். அது கொதிக்க ஏழு நிமிடம் ஆகும். அந்த ஏழு நிமிடத்தில் அவள் ஒன்றும் செய்வதில்லை. முந்தின நாள் சொல்லாமல் விழுங்கிய பதில்களைச் சில நேரம் உதட்டுக்குள் சொல்லிப் பார்ப்பாள். பல நாள் அதுவும் கிடையாது. யாருக்காகவும் முகத்தைத் தயாராக வைத்திருக்க வேண்டாம், அவ்வளவுதான். இதற்கு ஒரு சுவர் வேண்டும் என்று எப்படிக் கேட்பது? பிரியமாக இருக்கிறவர்களை மறைக்கச் சுவர் கேட்கிற மனசு என்ன மனசு என்று அவளே தன்னைப் பல முறை கேட்டுவிட்டாள்.

சோபா வரப்போகும் இடத்தில் மாமியாருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள்.

"எனக்கும் வேஷம் உண்டா?" என்றார் மாமியார்.

"நீங்க நீங்களாவே இருங்கம்மா, போதும்" என்றார் சாக்பீஸ்.

"அது எனக்கு நல்லா வரும்."

கணவன் தன் மேசைக் கட்டத்தில் நோட்டோடு உட்கார்ந்தான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோட்டுக்குள் போனாள். இல்லாத பாத்திரத்தை எடுத்தாள், இல்லாத குழாயைத் திறந்தாள்.

"குழாய மூடவே இல்லையே!" முதுகுக்குப் பின்னாலிருந்து மாமியார்.

"குழாயே இல்ல அத்தை."

"இருந்தா மட்டும் மூடியிருப்பியாக்கும்."

கணவன் சிரித்தான். "கொஞ்சம் வலப்பக்கம் நகரு. அங்கதான் டப்பா அலமாரி வருது."

"ஏன் உம்முனு இருக்கா? தலை வலிக்குதா?" என்றார் மாமியார்.

ஒருவர் பேச்சிலும் விஷம் இல்லை. அதனால்தான் அவளுக்கு மூச்சு முட்டியது. நல்லெண்ணம் கொண்ட நான்கு கண்கள் முதுகில் ஊர்ந்தன. அடுப்பில் தண்ணீரை வைத்தாள். உடம்பு தன்பாட்டுக்கு இடப்பக்கம் திரும்பியது. கை காற்றில் எதையோ பிடித்து இழுத்தது.

"நில்லுங்கம்மா." சாக்பீஸ் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். "இப்ப என்ன எடுத்தீங்க? அந்தப் பக்கம் நான் ஒண்ணும் வைக்கலியே."

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்குக் கை போகாது. ஏதோ சாமான் விட்டுப்போயிருக்கு. சொல்லிட்டீங்கன்னா இடம் ஒதுக்கிடலாம்."

கணவன் பதறி நோட்டைப் புரட்டினான். எதை மறந்தோம் என்று அவன் தேடியதைப் பார்க்க அவளுக்கு வலித்தது. துடைக்கும் துணி என்று சொல்லிவிடலாம். ஒரு கொக்கி அடித்துக் கொடுப்பார். ஆயுசுக்கும் அந்தக் கொக்கியோடு இருந்துகொள்ளலாம்.

"கதவு" என்றாள். "கதவச் சாத்தினேன்."

"கதவுதான் இனிமே கிடையாதே" என்றான் கணவன்.

"எனக்குக் கதவு வேணுங்க. சுவரும் வேணும்."

பிளாஸ்டிக் நாற்காலி கிறீச்சிட்டது.

"இப்ப வந்து சொல்றே? விடிஞ்சா கொத்தனார் நிப்பாரு. மூணு மாசமா வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றார் மாமியார்.

"நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க" என்றாள் கணவனைப் பார்த்து.

"உள்ள என்னதான் பண்றே, கதவச் சாத்திக்கிட்டு?" என்றான் அவன்.

"ஒண்ணும் பண்றதில்ல."

"ஒண்ணும் பண்ணாம நிக்கிறதுக்கு ஒரு சுவரா?" நோட்டை மூடினான். குரல் தாழ்ந்தது. "எங்ககிட்டேருந்து ஒளிஞ்சுக்கறியா?"

வலிக்காத சொல் ஒன்றைத் தேடினாள். கைக்கு வந்ததெல்லாம் பொய்யாகவே இருந்தது.

"ஆமாங்க. தினம் ஏழு நிமிஷம்."

கொடியில் யாருடைய துணியோ படபடத்தது. சாக்பீஸ் அளவு நாடாவை இழுப்பதும் சுருட்டுவதுமாக இருந்தார்.

"நான் ஏதாவது சொல்லிட்டேனா?" மாமியார் கேட்டார். வழக்கமான கேலி அதில் இல்லை.

"நீங்க ஒரு வார்த்த சொல்லாட்டியும் எனக்கு வேணும் அத்தை."

மாமியார் தண்ணீர்த் தொட்டியின் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டார். "வெயில் ஏறுது. சட்டுனு முடிங்க."

"சரி, ஒரு வாரம் தள்ளிப் போடுவோம். யோசிப்போம்" என்றான் கணவன்.

அவனுடைய 'யோசிப்போம்' எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். கோபித்துக்கொள்ள மாட்டான். ஒரு வாரமும் தாங்கு தாங்கென்று தாங்குவான். எட்டாம் நாள் வெட்கப்பட்டு, கொத்தனார் கையில் சம்மட்டியை அவளே எடுத்துக் கொடுப்பாள்.

"வேண்டாங்க. இப்பவே முடிவு பண்ணிடலாம்."

சாக்பீஸிடமிருந்து சுண்ணக்கட்டியை வாங்கி, மண்டி போட்டுச் சுவருக்கான கோட்டை இழுத்தாள். சொரசொரத் தரையில் கட்டி இரண்டு முறை உடைந்தது. கோடு ஃப்ரிட்ஜின் கட்டத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டு போனது.

"ஃப்ரிட்ஜ் போச்சு" என்றான் அவன், இழவுச் செய்தி சொல்பவன் போல. "மடக்கு மேசையும் போச்சு."

"ஃப்ரிட்ஜ் கூடத்துல இருக்கட்டும்."

சாக்பீஸ் குனிந்து அவள் கோட்டை அளந்தார். "கோணலா இருக்கு. ஆனா வேலைக்கு ஆகும். திறக்கிற கதவா இருந்தா ரெண்டரை அடியக் காவு வாங்கும். பக்கவாட்டுல ஓடுற இழுவைக் கதவு போட்டா அந்த இடம் மிச்சம். மேசையக் கூடத்துப் பக்கம் மாட்டிக்கலாம் சார்."

அவன் மூடிய நோட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தான். சாக்பீஸ் அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு, எல்லா வீட்டிலும் கேட்பதுபோல் கேட்டார்: "தாழ்ப்பாள் எந்தப் பக்கம் வைக்கட்டும்?"

இருக்கிற கதவுக்கு வெளிப்பக்கம்தான் தாழ்ப்பாள். கணவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். சுவர் கிடைத்துவிட்டது, இதோடு நிறுத்திக்கொள் என்றது மனசு.

"உள்பக்கம்" என்றாள்.

சாக்பீஸ் எழுதிக்கொண்டார். கணவன் எழுந்து படிக்கட்டை நோக்கி நடந்தான். முதல் படியில் நின்றான், திரும்பவில்லை.

"எந்த நேரம்னு சொல்லிடு. அப்பக் கூப்பிடாம இருக்கப் பாக்கறேன்."

அது கோபமா, விட்டுக்கொடுப்பதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"காலைல, தண்ணி வெச்ச உடனே" என்றாள்.