இரண்டாவது கார்டு

மெமரி கார்டைத் துடைத்து, ஊதி, மறுபடியும் கம்ப்யூட்டரில் செருகினாள் கனகலட்சுமி. காலையிலிருந்து இது எட்டாவது தடவை. எட்டாவது தடவையும் அதே பதில்தான் வந்தது, கார்டைப் படிக்க முடியவில்லையாம். "படிச்சுத் தொலையேன், பாவி!" என்று வாய்விட்டே கத்தினாள். சங்கரன்கோவில் ரத வீதி மாடியில் இருந்த அவளுடைய ஸ்டுடியோவில் அதைக் கேட்க வேறு யாரும் இல்லை.

அந்தக் கார்டுக்குள்தான் கடையநல்லூர் பஸீலாவின் நிக்காஹ் இருந்தது. பெண்கள் பக்கம் ஆண் போட்டோகிராபர் நுழையக் கூடாது என்பதால் இவளைக் கூப்பிட்டிருந்தார்கள். பஸீலாவின் உம்மா சுபைதா பேகத்துக்கு போட்டோ என்றாலே ஆகாது. அன்றைக்கு மட்டும் மகளுக்காக மனம் இறங்கினார். கதவைச் சாத்தச் சொல்லி, தலைத்துணியை எடுத்துவிட்டு, பூ வைத்துக்கொண்டு மகளோடு நின்றார். அதுவும் சும்மா இல்லை. "ஆம்பளைக் கண்ணு இதுல படவே கூடாது தாயி, சத்தியம் பண்ணு" என்று இவள் கையைப் பிடித்து வாங்கிக்கொண்ட பிறகுதான். எடுத்தது ஒரே ஒரு படம். நாலாம் நாள் நெஞ்சுவலி வந்து அந்த அம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டார்.

எல்லாம் புதுக் கேமராவால் வந்த வினை. இல்லை, கேமராவைச் சொல்லி என்ன செய்ய, இவள் புத்தியைத்தான் சொல்ல வேண்டும். பழைய டி7200-ஐக் கொடுத்துவிட்டு டி7500 வாங்குவதற்கு முன்னால் ஒரு மாதம் நோட்டுப் போட்டு ஒப்பிட்டாள். பழையதில் இருபத்துநாலு மெகாபிக்சல், புதியதில் இருபத்தொன்று, அது போகட்டும். புதியதில் 4கே வீடியோ உண்டு. மடக்கித் தூக்கும் தொடுதிரை உண்டு. நொடிக்கு ஆறு படம் எடுத்த இடத்தில் எட்டு எடுக்கும். பழையதில் கார்டு போட இரண்டு இடம், ஒரே படத்தை இரண்டிலும் பதிந்து வைக்கலாம். புதியதில் ஒன்றுதான். அதையும் எழுதத்தான் செய்தாள், எழுதி எதிரே 'பரவாயில்லை' என்றும் போட்டாள். பரவாயில்லையாம்! எழுதின கையை அடுப்பில்தான் வைக்க வேண்டும்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் சர்வீஸ் கடை வைத்திருக்கும் சங்கரசுப்பு மட்டும் ஒரு வழி சொல்லியிருந்தார். கார்டைப் பிரித்து ஒயர் வைத்து உள்ளே இருப்பதை எடுத்துவிடலாம். ஆனால் படங்கள் துண்டு துண்டாக வரும், ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். "பாக்காம எப்படிம்மா செய்ய?" என்றார். நியாயமான கேள்விதான், மனிதரும் நல்லவர்தான். என்ன நல்லவராக இருந்தாலும் ஆம்பளை ஆயிற்றே. கார்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

பன்னிரண்டு நாளாக, ஆல்பம் வேலை நடக்கிறது என்று போனில் பொய் சொல்லிச் சமாளித்தாள். இன்றைக்கு பஸீலாவே படியேறி வந்து நின்றாள்.

"ஆல்பம் எப்ப வேணாலும் தாங்கக்கா. உம்மா படத்த மட்டும் இப்பத் தாங்க. வீட்டுல ஆதார் கார்டுல உள்ள மூஞ்சிதான் இருக்கு. அது எங்க உம்மாவே இல்ல, யாரோ."

இதற்கு மேல் கனகலட்சுமிக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. கார்டு கெட்டதிலிருந்து சங்கரசுப்பு சொன்னது வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டி அழுதாள். "நீ ஒரு வார்த்தை சொல்லு மக்கா, இப்பவே கொண்டுபோய்க் கொடுக்குதேன்."

"இத்தன நாளும் வேலை நடக்குன்னுல்லா சொன்னிய!" என்று கத்திய பஸீலா, கத்தின வேகத்திலேயே உடைந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தாள். கார்டைக் கேட்டு வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"வேண்டாம்க்கா. உம்மா உசுரோட இருந்தா கெஞ்சிக் கூத்தாடி சம்மதம் வாங்கிருவேன். இப்ப யார்ட்டப் போய்க் கேக்க?"

பஸீலா கார்டை இவள் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"அன்னைக்கு ரூமுக்குள்ள நாம மூணு பேருதான இருந்தோம். நான் கேமராவையே பாத்துக்கிட்டு நின்னேன், உம்மாவப் பாக்கல. நீங்கதான் முகத்துக்கு நேரா பாத்திய. எப்படி இருந்தாங்கக்கா? சொல்லுங்க, அதையாவது கொண்டுபோறேன்."

கனகலட்சுமி கண்ணை மூடி யோசித்தாள். வெளிச்சத்துக்காகக் கேமராவில் வைத்த ஐஎஸ்ஓ எண் ஆயிரத்து அறுநூறு வந்தது. ஃபோகஸ் கட்டம் இடது கண்மேல் சரியாக உட்கார்ந்தது ஞாபகம் வந்தது. ஜன்னல் வெளிச்சம் எந்தப் பக்கம் விழுந்தது என்பது வரைக்கும் வந்தது. புதுக் கேமரா ஒழுங்காகப் பிடிக்கிறதா என்ற கவலையில் அவள் அன்றைக்குப் பார்த்ததெல்லாம் அதுதான். எவ்வளவு முட்டிப் பார்த்தும் அந்த முகம் மட்டும் வரவில்லை. பஸீலாவோ கண்கொட்டாமல் இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிரிச்சாங்க மக்கா. வாய் நெறையச் சிரிச்சாங்க."

பஸீலா மெல்ல எழுந்தாள்.

"உம்மா சிரிக்கலையேக்கா. என் தோளு பூரா நனஞ்சிருந்துச்சே."