நகுலனின் புதுக் குரல்

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் நகுலனுக்குக் குரல் உடைந்துகொண்டிருந்தது. பாடம் வாசிக்கையில் அது கீச்சிட்டு வகுப்பே சிரித்ததிலிருந்து, யார் என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினான்.

வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் அவன் அப்பா ஒரு கிடாரி வாங்கினார். வண்டியில் ஏற்றும்போது அது கயிற்றை உருவிக்கொண்டு ஓடியது. எதிரே பலூனோடு ஒரு குழந்தை நின்றது.

“ஏனுங்க, கொழந்தையத் தூக்குங்க!” என்று நகுலன் கட்டைக் குரலில் கத்தினான். சந்தையே திரும்பிப் பார்த்தது. டீக்கடைக்காரர் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டார். கிடாரி வைக்கோல் போரில் முட்டி நின்றது.

அப்பா மூச்சிரைக்க ஓடி வந்தார். “அத்தன சத்தமாக் கத்துனது ஆருடா?”

“நாந்தானுங்கப்பா.”

கடைசியில் குரல் கீச்சிட்டது. அப்பா சிரித்தார், நகுலனும் சிரித்துவிட்டான். வீடு வரும்வரை, கிடாரிக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று ஓயாமல் பேசிக்கொண்டே வந்தான்.