ரீசெட் வேண்டாம்

சுரேந்திரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. சொன்னதைச் செய்வான், கூடவே யாரும் சொல்லாத ஒன்றையும் செய்து வைப்பான். அன்றைக்கும் அதைத்தான் செய்தான், வேறென்ன.

சௌல்தாரி என்ற தீவுக் கிராமத்தில் அவன் வீட்டில் ஒரு குஞ்சு பொரிக்கும் பெட்டி இருந்தது. உள்ளே ஒரு பல்பு. சூட்டைப் பார்த்து அதைப் போட்டு அணைக்க ஒரு சின்ன சிப். செய்து கொடுத்தவன் மனைவி ராஜகுமாரியின் தம்பி குணா. இப்போது சென்னையில் வேலை. தாய்க்கோழியை நாய் தூக்கிப்போன பிறகு மிஞ்சிய நிக்கோபாரிக் கோழி முட்டைகளை ராஜகுமாரி அதில் வைத்திருந்தாள். அந்த இனத்தில் அவளிடம் வேறொன்றும் இல்லை. அன்று காலையில் ஒரு முட்டையை எடுத்து அவன் காதில் வைத்தாள். உள்ளே குஞ்சு டொக் டொக்கென்று தட்டியது.

"நாளைக்கு வந்துரும்," என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

பெட்டிக்கு ஒரு கோளாறு. கரண்ட் ஒரு நொடி போய் வந்தாலும் ரீசெட் ஆகி, யாராவது பொத்தானை அழுத்தும்வரை பல்பைப் போடாது. இந்தத் தீவில் கரண்ட் போகாத நாள் எது? அதற்காகக் குணா இரண்டு புரோகிராம் அனுப்பியிருந்தான். சிப்பைக் கழற்ற வேண்டாம். கம்ப்யூட்டரின் யூஎஸ்பியிலிருந்து ஒயர் கொடுத்து, இருந்த இடத்திலேயே ஏற்றலாம். முதலில் முப்பது டிகிரியில் நிற்கும் சோதனை. அது ஓடினால், முட்டைக்கு வேண்டிய முப்பத்தேழரைக்கு நிஜமானது.

சோதனையை ஏற்றும்போது திரையில் ஒரு கட்டம் கண்ணில் பட்டது: 'ரீசெட் டிசேபிள்'. அட, நம் வியாதிக்கு மருந்து இங்கேயே இருக்கிறதே! டிக் போட்டான். சோதனை ஜோராக ஓடியது. நிஜத்தை ஏற்றப் போனால் சிப் வாயே திறக்கவில்லை. ஒயரைப் பிடுங்கினான், செருகினான், ஊதிப் பார்த்தான். ம்ஹூம்.

வீட்டில் சிக்னல் கிடைக்காது. சிப் முப்பதிலேயே நின்று முட்டை ஆறிவிடக் கூடாதே என்று, சிப்பை விட்டு பல்பை நேராகக் கரண்டில் கொடுத்துவிட்டு, ரோட்டு வளைவுக்கு ஓடிக் குணாவைக் கூப்பிட்டான்.

"ரீசெட்டே வேணாம்னு டிக் போட்டேன். டீக் ஹை, சரிதானே?"

குணா சொன்னான்: "அது வேற ரீசெட், மச்சான். சிப்புக்குள்ள போற வாசலே அதுதான். தாழ்ப்பாள் போட்டுட்டீங்க. இனி அந்த ஒயர்ல எதுவும் ஏறாது."

"அப்ப கரண்ட் போனா ரீசெட் ஆகாதுல்ல?"

"அதுவும் ஆகும்."

"வேற சிப்பு?"

"மெயின்லேண்ட்லருந்துதான் வரணும். இப்ப பல்பு எரியுதா?"

"நேரா போட்டுட்டு வந்திருக்கேன்."

"போங்க மச்சான். போனை வச்சுட்டு ஓடுங்க."

ஓடினான். பெட்டியின் கண்ணாடி கையைச் சுட்டது. உள்ளே நாற்பத்தாறு டிகிரி. பல்பை அணைத்து, மூடியைத் திறந்து, முறத்தால் விசிறினான். அறிவு கெட்டவனே என்று தன்னையே திட்டிக்கொண்டான். திட்டி என்ன ஆகப்போகிறது?

ராஜகுமாரி வந்தபோது மூடி திறந்தே கிடந்தது. காலையில் எடுத்த அதே முட்டையை எடுத்துக் காதில் வைத்தாள். அடுத்த காதுக்கு மாற்றினாள். பிறகு அவனிடம் நீட்டினாள்.

"எனக்குக் காது சரியில்ல. நீங்க கேட்டுச் சொல்லுங்க."

முட்டை இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அவன் காதோடு அழுத்திக்கொண்டான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இரு," என்றான். "இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."